நல்ல கிருமி

என் கணவரின் அக்காவுக்குக் குழந்தைகள் என்றால் உயிர். குழந்தைகளின் மலம் என்றால் அதைவிட உயிர். பச்சைப்பிள்ளைகளின் குடலில் எந்தெந்தக் கிருமி குடியிருக்கிறது, அது மூளையை எப்படி வளர்க்கிறது என்று ஆராயும் ஆய்வுக்கூடத்தில் அவருக்கு வேலை. அவராம், அவர்! மரியாதை கொடுக்க நாக்கு கூசுகிறது. அவள் என்றே சொல்லிவிடுகிறேன்.

நான் பிள்ளையோடு வீடு திரும்பிய அன்றே பெட்டியோடு வந்து இறங்கினாள். எங்கள் ஃப்ரீசரில் ஐஸ்கட்டிகளுக்குப் பக்கத்தில் சின்னச் சின்னக் குப்பிகள் வரிசையாக ஏறின. உள்ளே இருந்தது என் மகனின் மலம். அன்றிலிருந்து ஐஸ் போட்டு எதையும் குடிக்க எனக்கு மனம் வரவில்லை.

எனக்குப் பால் போதவில்லை. பிள்ளை சப்பிச் சப்பிக் களைத்துப்போய் வீல் வீலென்று கத்துவான்.

"அண்ணி, அவனுக்குப் பசி அடங்கவே மாட்டேங்குது. கொஞ்சம் பால்மாவு கலந்து குடுக்கட்டுமா?"

"சுரக்கலைன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. மனசு வைக்கலைன்னு சொல்லு. ஒரே ஒரு புட்டி போதும், உள்ள இருக்கிற நல்ல கிருமியெல்லாம் காலி. அப்புறம் மூளை எங்கிருந்து வளரும்? மக்குப் பிள்ளை வேணுமா உனக்கு?"

எந்தத் தாய் வேணும் என்பாள்? ஆனால் பெற்ற வயிறு கேட்குமா? ஒரு டின் வாங்கி வந்து துண்டுகளுக்கு அடியில் ஒளித்துவைத்தேன். அவள் வேலைக்குப் போன பிறகு புட்டியில் கலந்து கொடுத்தேன். அப்பப்பா, என்ன குடி குடித்தான்! குடித்துவிட்டு என் விரலைப் பிடித்தபடியே தூங்கினான்.

மறுநாளே அவளுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. டயபரைப் பிரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். கிட்டே கொண்டுபோய் முகர்ந்தாள்.

"நிறம் மாறியிருக்கு. நாத்தமும் மாறியிருக்கு. யார்கிட்ட மறைக்கிறே? எனக்கு இதுதானே பொழப்பு!"

அலமாரியைக் கிளறி டின்னைக் கண்டுபிடித்தாள். சமையலறைத் தொட்டியில் கவிழ்த்து, மேலே குழாயைத் திறந்துவிட்டாள். மாவு கட்டிகட்டியாகத் திரண்டு கரைய மறுத்தது. கரண்டிக் காம்பால் குத்திக் குத்தித் தள்ளினாள். அக்காவுக்கு முன்னால் என் கணவர் பெட்டிப்பாம்பு. "அக்கா படிச்சவங்க, உனக்கென்ன தெரியும்?" என்று மட்டும் சொன்னார். அன்று முதல் ஒவ்வொரு டயபரும் அவள் கைக்குப் போன பிறகுதான் குப்பைக்குப் போனது.

அப்புறம் பிள்ளை அழுவதை நிறுத்தினான்.

"பாத்தியா, குடல் அடங்கினா மனசும் அடங்கும்," என்றாள் அவள். "என்ன சமத்துடா நீ!" என்று கணவர் கொஞ்சினார். டயபர் ஈரமே இல்லாமல் கிடந்தது. அதில் செங்கல் பொடி மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. ஓடிப்போய் அவளிடம் காட்டினேன்.

"சிறுநீர் உப்பு. எல்லாப் பிள்ளைக்கும் வரும். எனக்கு மலம் எப்ப வரும்னு மட்டும் சொல்லு, குப்பி காலியா இருக்கு."

ஒரு காலையில் எழுப்பினால் எழவில்லை. கன்னத்தைத் தட்டினேன், பாதத்தைச் சுண்டினேன். திடீரென்று கைகால் வெட்டி இழுத்தது. அவனை அள்ளிக்கொண்டு வெறுங்காலோடு ஓடினேன்.

மருத்துவமனையில் ரத்தத்தைச் சோதித்த டாக்டரம்மா என்னை உட்காரச் சொன்னார். "ஒடம்புல தண்ணியே இல்லம்மா. ரத்தத்துல உப்பு ஏறி மூளையைப் பாதிச்சிருக்கு. தாய்ப்பாலுக்கு ஈடே இல்ல, ஒத்துக்கிறேன். ஆனா வயித்துக்குள்ள போனாத்தானே? பிள்ளையைப் பட்டினி போட்டிருக்கீங்களே!"

நான் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். அவள் மட்டும் கையுறையை மாட்டிக்கொண்டு நர்ஸிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள். "ஆன்டிபயாடிக் ஏத்துறதுக்கு முன்னாடி ஒரே ஒரு சாம்பிள் எடுத்துக்கிறேன், ப்ளீஸ்." எடுத்தும் விட்டாள், பாவி.

மற்ற பிள்ளைகள் குப்புற விழும் வயதில் என் மகனுக்குக் கழுத்து நிற்கவில்லை. கண் ஒரு இடத்தில் நிலைப்பதில்லை. இப்போது புட்டிப்பால்தான், அதுவும் சொட்டுச் சொட்டாக. தடுக்க யாருமில்லை.

நேற்று அவள் இனிப்புப் பெட்டியோடு வந்தாள். முகமெல்லாம் பல்.

"ரிசல்ட் வந்துடுச்சு! ஆஸ்பத்திரியில எடுத்தேனே, அது. இவ்வளவு அருமையான கிருமிங்களை எங்க லேப்ல யாருமே பாத்ததில்ல. மாநாட்டுல இவனைப் பத்திதான் பேசப்போறேன். ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?"

என் கணவர் இனிப்புப் பெட்டியை வாங்கி மேசையில் வைத்தார்.

அவள் போனை உயர்த்தினாள். "அந்தப் புட்டியைக் கொஞ்சம் தள்ளி வையேன். தலையைப் பின்னால பிடிச்சுக்கோ, கை தெரியாம. நிமிர்ந்து பாக்கிற மாதிரி இருக்கட்டும்."

புட்டியைத் தள்ளி வைத்தேன். மடியில் இருந்த மகனின் பின்னந்தலையைப் பிடித்து நிமிர்த்தினேன். அவள் சிரித்துக்கொண்டே குறி பார்த்தாள்.

நான் கையை எடுத்தேன். தலை தொய்ந்து என் மார்பில் விழுந்தது. வாயோரம் எச்சில் வழிந்தது.

"இப்ப எடுங்க அண்ணி," என்றேன்.