முதல் பெட்டிக்குள் எலுமிச்சம்பழம்

நல்லூரில் நாலு மிஷினை வைத்துக்கொண்டு அடுத்தவர்களுக்குத் தைத்துக் கொடுத்துவந்த தங்கதுரை, முதன்முறையாகத் தன் பெயரிலேயே வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்பினான். எல்லாம் கைக்குழந்தைகளுக்கான வெள்ளைச் சட்டைகள். தூத்துக்குடிக்கு லாரி கிளம்பியபோது பூசை போட்டு, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியாயிற்று. அதோடு விட்டானா? பூசையில் வைத்த இன்னொரு பழத்தை, ராசிக்கு இருக்கட்டுமென்று முதல் பெட்டிக்குள்ளும் முன்பே செருகி ஒட்டியிருந்தான்.

தன் பைக்கில் கட்டியிருந்த பழைய பழம் அழுகி ஒழுகுவதை மறுநாள் பார்த்தபோதுதான் அவனுக்கு உறைத்தது. கப்பலில் ஒரு மாதம்! வெள்ளைத் துணியில் ஒரு கறை கண்டால் போதும், வாங்குகிறவன் மொத்தத்தையும் வேண்டாமென்று சொல்லிவிடுவான். அப்புறம் ஆயுசுக்கும் அடுத்தவனுக்குத் தைக்க வேண்டியதுதான். மனைவி சித்ரகலாவிடம்கூடச் சொல்லாமல் பஸ் ஏறினான்.

தூத்துக்குடியில், சரக்கைக் கப்பலேற்றும் ஏஜெண்டின் ஆள் டேனியல் அவனைப் பிடித்துக்கொண்டான்.

"குடோன மத்தியானந்தான் தொறப்பாவ. அதுவரைக்கும் ஊரச் சுத்திக் காட்டுதேன், பைக்குல ஏறுங்க அண்ணாச்சி."

காட்டன் ரோட்டைக் காட்டினான். மக்ரூன் பொட்டலம் வாங்கிக் கையில் கொடுத்தான். தங்கதுரைக்கு எதுவும் மனசில் ஒட்டவில்லை. பனிமய மாதா கோயில் வாசலில் நின்றுகொண்டு செல்போனில் மணி பார்த்தான். உப்புக் குவியலைக் கண்டதும் வெள்ளைச் சட்டை ஞாபகம் வந்தது. பழைய துறைமுகத்தில் தோணியொன்றில் வெங்காய மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"ஏனுங்க தம்பி, போய்ச் சேர்றதுக்குள்ள அழுகிப் போகாதுங்களா?"

"மாலத்தீவுக்குத்தான அண்ணாச்சி, வெரசாப் போயிரும். வெங்காயத்துக்கு நீங்க ஏன் கவலப்படுதிய?"

அதற்குமேல் அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். டேனியல் விழுந்து விழுந்து சிரித்தான். தங்கதுரைக்கு அழுகையே வந்துவிட்டது. அதைப் பார்த்ததும் டேனியல் சிரிப்பை விழுங்கிவிட்டு, குடோன்காரர்களுக்குப் போன் மேல் போன் போட ஆரம்பித்தான்.

மத்தியானம் பெட்டியைப் பிரித்தார்கள். சட்டைகளுக்கு நடுவே பழம் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. அடியில் லேசாகக் கன்றியிருந்ததே தவிர, நல்லவேளை, ஒழுகவில்லை.

"தூரப் போடுங்க அண்ணாச்சி."

தங்கதுரைக்கு மனசு வரவில்லை. பூசை போட்ட பழமாயிற்றே! பெட்டிகளெல்லாம் கண்டெய்னரில் ஏறும்வரை அதைக் கையிலேயே வைத்திருந்தவன், கடைசியில் குனிந்து டிரெய்லரின் முன்சக்கரத்துக்கடியில் வைத்தான். டேனியல் அவனைப் பார்த்தான், பழத்தைப் பார்த்தான். பிறகு சிலுவைக் குறி போட்டுக்கொண்டு, வண்டியை எடுக்கச் சொல்லி டிரைவருக்குக் கை காட்டினான்.

பழம் நசுங்கிய பிறகுதான் தங்கதுரைக்குப் பசித்தது. மக்ரூனைப் பிரித்து ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டே கேட்டான்:

"ஊரெல்லாம் காட்டுனீங்க, கடலக் காட்டவே இல்லீங்களே தம்பி?"

டேனியல் பைக்கை உதைக்கப்போன காலைக் கீழே வைத்தான்.

"காலைல வெங்காயம் ஏத்துன தோணி பின்ன எதுல அண்ணாச்சி நின்னுச்சு?"