ஹிரியூருக்கு அப்புறம் மூன்று டிக்

அண்ணன் லிபின் செகண்ட் ஷிப்ட் முடித்துப் பாடி கம்பெனியிலிருந்து கரையான்சாவடிக்கு வந்து சேரப் பன்னிரண்டு மணி ஆகிவிட்டது. அவன் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் ரெனிதா வாசலுக்கு வந்து சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, ஒண்ணு சொல்லணும். அம்மாவ எழுப்பாத."

"அப்பா போன் பண்ணாரா?"

"இல்ல."

"அப்போ காலைல சொல்லு. தல வெடிக்குது."

"காலைல வரைக்கும் அப்பா தாங்க மாட்டாருணா."

லிபின் நின்றுவிட்டான்.

அப்பா அமல்ராஜ் கன்டெய்னர் லாரி டிரைவர். செவ்வாய்க்கிழமை ராத்திரி அம்பத்தூர் எஸ்டேட்டில் இன்ஜின் சாமான் ஏற்றிக்கொண்டு குர்கானுக்குக் கிளம்பியவர். இன்று வியாழன். நேற்று ராத்திரியிலிருந்து அவருடைய போன் ஸ்விட்ச் ஆஃப். வண்டியில் ஜிபிஎஸ் பெட்டி உண்டு. ஆனால் முதலாளி மனோகரன் அதற்கு ரெண்டு மாதமாக ரீசார்ஜ் செய்யவில்லை. கிளீனரையும் போன வருஷமே நிறுத்திவிட்டார். ரெண்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் ஒற்றை ஆள்.

அவர் எங்கே இருக்கிறார் என்று சொல்ல இருந்தது ஒரே ஒரு சாட்சி, சமையலறைக் கதவில் தொங்கிய காலண்டர் அட்டை. அதில் ரெனிதா கையெழுத்தில் ஊர்கள் வரிசையாக இருந்தன. ஸ்ரீபெரும்புதூர், வாலாஜா, வேலூர், கிருஷ்ணகிரி, ஓசூர், தும்கூர், சிரா, ஹிரியூர், சித்ரதுர்கா, தாவணகெரே, ஹாவேரி, ஹூப்ளி என்று போய், பம்பாய் தாண்டி, சூரத், உதய்பூர், அஜ்மீர், ஜெய்ப்பூர் வழியாகக் குர்கானில் முடியும். ஒவ்வொரு ஊர் தாண்டினதும் அப்பா ரெனிதா போனுக்கு மிஸ்டு கால் கொடுப்பார். ரெண்டு ரிங், கட். எடுக்கக் கூடாது. வண்டி ஓட்டும்போது பேசக் கூடாதென்பது அம்மா போட்ட சட்டம். போன் அடித்தால் ஆள் நல்லா இருக்கிறார் என்று அர்த்தம். ரெனிதா பென்சிலால் ஒரு டிக் போடுவாள்.

அட்டையில் ஹாவேரி வரைக்கும் டிக் இருந்தது. மத்தியானம் மனோகரன் கேட்டபோது அம்மா லூர்தம்மாள் அதைப் பார்த்துத்தான், "நேத்து ராவே ஹாவேரி தாண்டிட்டாருங்க" என்று சொன்னாள். அப்போதிலிருந்து, எம்ப்டி வண்டியோடு அந்தப் பக்கம் இருந்த இன்னொரு டிரைவர் பாண்டியன் ஹாவேரிக்கும் ஹூப்ளிக்கும் நடுவே தேடிக்கொண்டிருக்கிறார்.

"ஹாவேரி தாண்டலணா," என்றாள் ரெனிதா. "தாவணகெரேயும் இல்ல. சித்ரதுர்காவே இல்ல. ஹிரியூர்தான் கடைசி. நான் சும்மா போட்ட டிக்கு அது."

"இன்னாடி சொல்ற?"

அவள் போனைக் காட்டினாள். புதன்கிழமை ராத்திரி எட்டு பன்னிரண்டு. எட்டு பதினைந்து. எட்டு பத்தொன்பது. மூன்றும் அப்பா.

"ஏழு நிமிஷத்துல மூணு ஊரா?" லிபின் குரல் இறங்கியது.

"ரெண்டு ரிங்குல நிக்கல. அடிச்சிகினே இருந்துச்சி. நான்தான் கட் பண்ணேன். மூணு வாட்டியும். அப்பால படுக்கப் போறப்போ மூணு மிஸ்டு காலுனு மூணு டிக்கு போட்டுட்டேன்."

"ஏன்?"

"கோவம்." சொல்லும்போதே அந்தக் கோபம் இன்னும் உள்ளே எரிந்துகொண்டிருந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. ஆவடியில் காலேஜ் சேரணும் என்று அவள் ஒரு வருஷமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். கிளம்புகிற அன்று, சோற்றைப் பிசைந்துகொண்டே, எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் அவளுக்கு டிரெயினிங் வேலை பேசிவிட்டதாக அப்பா சொன்னார். கேட்கவில்லை, சொன்னார். "காலம் பூரா ரோட்டுலயே கெட, யாரு அழுதா" என்று இவளும் சொல்லி அனுப்பினாள்.

லிபின் கையை ஓங்கினான். அடிக்கவில்லை. "ஷிப்டுக்குப் போற வரைக்கும் நான் போனப் போட்டுகினு நாய் மாதிரி கத்திகினு கீறேன். நீ பக்கத்துல நின்னுகினு வாய மூடிகினு இருந்துகீற!"

உண்மைதான். நெடுஞ்சாலை ஹெல்ப்லைனில் அவன் "என்எச் நாலு" என்று சொல்ல, அந்தப் பக்கம் இருந்தவர், "நாலாம் நம்பர் இப்போ அந்தமான்ல இருக்கு சார், நீங்க சொல்றது நாற்பத்தெட்டு" என்று பாடம் எடுத்தபோதும் அவள் பக்கத்தில்தான் நின்றாள். டெல்லி-பம்பாய் ரோட்டையும் பம்பாய்-சென்னை ரோட்டையும் ஒன்றாக்கி நம்பர் மாற்றி வருஷக்கணக்காகிறது. அப்பாவுக்கு அது இன்னும் நாலுதான். அவரைப் பார்த்து லிபினுக்கும் நாலு.

உள்ளே விளக்கு எரிந்தது. லூர்தம்மாள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருந்தது.

"நான்தானே அந்தாளுகிட்ட ஹாவேரினு சொன்னேன்," என்றாள். மகளைத் திட்டவில்லை. கொண்டையை முடிந்துகொண்டாள். "வண்டிய எடுடா."

ஒரே பைக்கில் மூன்று பேர். பூந்தமல்லி பைபாஸ் ஓரம் மனோகரனின் யார்டு அந்த நேரத்தில்தான் முழித்திருக்கும். பகலில் ஊருக்குள் விடாத லாரிகள் ராத்திரிதான் உள்ளே போகும், வெளியே வரும். அவர் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாமா, குடும்பமா வந்துகீறீங்க? காலைல கம்ப்ளைன்ட் குடுக்கப் போறேன். சரக்கோட எஸ்கேப் ஆயிட்டான் உன் ஊட்டுக்காரன்."

"வாய அடக்கிப் பேசுங்க," என்றான் லிபின். "பாண்டியண்ணன் எங்க தேடிகினு கீறாரு?"

"ஹாவேரி தாண்டி. எம்ப்டி வண்டிய நிறுத்தி வெச்சிகினு எனக்குத்தான் நஷ்டம்."

ரெனிதா முன்னால் வந்தாள். குரல் சத்தமாகவே வந்தது. "அவர் ஹிரியூரத் தாண்டி, சித்ரதுர்காவுக்கு முன்னாடி நிக்கிறாரு. பைபாஸ்ல இல்ல. பழைய ரோட்டுல."

"நீ பாத்தியா?"

"அவரு சொல்லிகீறாரு. நாலு வழி போட்டப்போ ஊரெல்லாம் ரோட்ட வுட்டு வெலகிட்ச்சு, கூப்ட்டா ஓடி வர ஆள் இல்ல, அதனால ஒடம்புக்கு முடியலனா பழைய ரோட்டுல டீக்கடையாண்டதான் ஓரங்கட்டுவேன்னு."

"ஒரு நாள் பூரா நின்னா எவனாவது பாத்திருக்க மாட்டானா?"

"கேபின்ல ஸ்க்ரீன் போட்டு டிரைவர் படுத்துகீறாருனா எவன் எழுப்புவான்?" என்றான் லிபின். "நீங்க எழுப்புவீங்களா?"

யார்டில் இருந்த ரெண்டு டிரைவர்கள் கிட்டே வந்து நின்றார்கள்.

"பாண்டியன் நூத்தம்பது கிலோமீட்டர் திரும்பி வரணும்பா. டீசல் யாரு போடுவா?" என்றார் மனோகரன்.

லூர்தம்மாள் அவர் கையிலிருந்த டீ கிளாஸைத் தட்டிவிட்டாள். "கிளீனர நிறுத்துனியே, அந்தச் சம்பளத்துல போடு."

பாண்டியனைத் திருப்ப வேண்டியிருக்கவில்லை. லிபின் கூப்பிட்டுச் சொன்னதுமே அவர் ஹிரியூரில் தனக்குத் தெரிந்த பஞ்சர் கடைக்காரரை எழுப்பி பைக்கில் அனுப்பினார். முப்பத்தைந்து நிமிஷம். ரெனிதா தரையில் ஓடிய டீயையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த ரோடு, இந்த மனோகரன், அப்பா பேசி வைத்த அந்தக் கம்பெனி எல்லாவற்றின் மேலும் பல்லைக் கடித்தாள். கடைசியில் எல்லாம் சுற்றிக்கொண்டு தன் கட்டைவிரலில் வந்து நின்றது. அந்தச் சிவப்புப் பட்டனை மூன்று தடவை அமுக்கிய விரல்.

போன் அடித்தது. லிபின் ஸ்பீக்கரில் போட்டான்.

"வண்டி கீது," என்றார் பாண்டியன். "டீக்கடை மூடி மாசக்கணக்காச்சாம். ஆள் நடமாட்டமே இல்ல. கதவு உள்ள லாக்கு. ஸ்க்ரீன் போட்டுகீது. தட்டுனா சத்தம் இல்ல."

"கண்ணாடிய ஒடைக்கச் சொல்லுங்க!" ரெனிதா கத்தினாள்.

"ஏய், இரு, இரு, ஸ்பேர் சாவி ஒண்ணு இங்க கீது..." என்று மனோகரன் எழுந்தார். நின்றிருந்த டிரைவர்களில் ஒருவர் அவர் தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

அந்தப் பக்கம் பாண்டியன் இன்னொரு போனில் பஞ்சர் கடைக்காரரிடம் கன்னடத்தில் ஏதோ சொன்னார். லூர்தம்மாளின் உதடு ஜெபத்தில் அசைந்துகொண்டிருந்தது.

"மூச்சு கீது லிபினு," என்றது போன். "கண்ணு முழிச்சிகீறாரு. ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துட்ச்சு. பேச்சு வரல. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு. சித்ரதுர்கா பெரியாஸ்பத்திரிக்கு எடுத்துகினு போறாங்க."

"கன்டெய்னர் சீல் ஒடையாமத்தான கீது?" என்றார் மனோகரன்.

யார்டில் கிளம்பத் தயாராக இருந்த டிரைவர் ஒருவர் தன் வண்டியின் சாவியைக் கொண்டுவந்து அவர் மடியில் போட்டார். "நீயே ஓட்டிக்கோ," என்று இன்னொருவரும் போட்டார்.

பெங்களூர் பஸ் பைபாஸிலேயே நிற்கும். மூன்று பேரும் அங்கே போய் நின்றார்கள். லிபின் தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை. பஸ் வந்ததும் அம்மாவை ஏற்றிவிட்டு, படியை அடைத்துக்கொண்டு நின்றான்.

"நீ ஊட்டுக்குப் போ."

"நானும் வரேன்."

"வந்து? அப்பா மூஞ்சப் பாத்து இன்னா சொல்லுவ?"

கண்டக்டர் விசில் அடித்தார். ரெனிதா அவன் கைக்குக் கீழே குனிந்து பஸ்ஸில் ஏறினாள்.

"உன்கிட்ட சொன்னதத்தான்," என்றாள்.