ஐந்தாவது டார்ச்

அண்ணன் கடைப் படியேறுகிற சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும், டார்ச்சைக் குறை சொல்லத்தான் வருகிறான் என்று. எப்படி இருக்கிறாய் என்று கேட்கமாட்டான். கல்லாமேல் டொக்கென்று டார்ச்சை வைப்பான்.

"இது தேறாதும்மா. மங்கலா எரியுது."

ஆறு மாதத்தில் இது நான்காவது. நான் இருபது வருடமாகப் பல்பும் பேட்டரியும் விற்கிறவள். அவன் வைத்ததை எடுத்து எதிர்ச் சுவரில் அடித்தேன். பட்டப்பகலிலும் வட்டமாக வெளிச்சம் விழுந்தது.

"தெரியுதா?"

"இங்க எரியுது. அங்க போனா எரிய மாட்டேங்குது."

ஆள் பார்த்து, இடம் பார்த்து எரிவதற்கு அது என்ன மாப்பிள்ளையா?

அண்ணனுக்குக் கட்டடம் கட்டடமாகப் போய் மின்சார மீட்டரில் ஓடியிருக்கிற எண்ணைக் குறித்து வருகிற வேலை. வீடு கட்டுகிறவர்கள் வெளிச்சமான இடத்தையெல்லாம் தங்களுக்கு வைத்துக்கொண்டு, மீட்டரை மட்டும் மாடிப்படிக்கு அடியில் இருட்டில் மாட்டிவிடுவார்கள். நடுப்பகலிலும் டார்ச் இல்லாமல் ஆகாது. அவன் தப்பு எண் எழுதியதாக ஏற்கெனவே இரண்டு புகார். மூன்றாவது வந்தால் அன்றே வேலையை விட்டு நிறுத்திவிடுவேன் என்று மேலதிகாரி சொல்லியிருந்தார். ஒப்பந்த வேலை, கேட்பாரில்லை. அவரிடமும் இவன் கூசாமல் சொல்லியிருக்கிறான்: "டார்ச் சரியில்ல சார், என் தங்கச்சி கடையில வாங்கினது." ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்!

என்னிடம் டார்ச் வாங்கிய வேறு யாரும் திரும்பி வந்து சண்டை போட்டதில்லை. பிள்ளைகளின் தொண்டையைப் பார்க்க வாங்கிப்போன டாக்டர் வரவில்லை. முட்டைக்குப் பின்னால் வெளிச்சம் பிடித்து உள்ளே கரு இருக்கிறதா என்று பார்க்கிற கோழிப்பண்ணைக்காரர், இன்னொன்று கொடு என்று கேட்டுத்தான் வந்தார். எதிர்க்கடைத் தையல்காரம்மா தரையில் விழுந்த ஊசியையெல்லாம் மூன்று வருடமாக ஒரே டார்ச்சில்தான் தேடுகிறாள். செல்போனில்தான் விளக்கு இருக்கிறதே என்று சொன்னவர்கள், அந்தப் போனைத் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டுவிட்டு என்னிடம்தான் வந்து நின்றார்கள். ஊருக்கெல்லாம் எரிகிறது, என் கூடப் பிறந்தவனுக்கு மட்டும் எரியவில்லை.

இதையெல்லாம் சொன்னேன். வாதத்தில் தோற்கப்போகிறான் என்றால் அண்ணன் சரித்திரத்துக்குத் தாவிவிடுவான்.

"முதமுதல்ல வந்த டார்ச்சைப் பத்தித் தெரியுமா உனக்கு? பேட்டரியில சத்து கிடையாது, பல்புக்குள்ள கரி இழை. விடாம எரிஞ்சா தாங்காது. பளிச்சுனு ஒரு தடவை அடிச்சிட்டு அணைச்சிடணும், கொஞ்சம் ஓய்வு கொடுக்கணும். நூறு வருஷத்துக்கும் மேல ஆச்சு. நீ விக்கறது அதுல மிஞ்சிப்போன சரக்கா இருக்கும்."

பொறுமைக்கும் ஒரு அளவு உண்டு. கடையைச் சாத்தினேன். சாத்துவதற்கு முன் அலமாரியில் இருந்ததிலேயே உசத்தியான டார்ச்சை எடுத்து அவன் கையில் திணித்தேன்.

"வா, நானும் வரேன். குறை டார்ச்சுலயா உன்கிட்டயான்னு இன்னிக்குப் பாத்துடலாம்."

"நீ எதுக்கு? வேலை நேரத்துல வெளியாள் வரக் கூடாது."

"தங்கச்சி வெளியாளா? நட."

ஐந்து மாடிக் குடியிருப்பு அது. படிக்கட்டுக்கு அடியில் மீட்டர் அறை. திறந்திருந்த கதவு வழியாக வந்த கொஞ்சம் வெளிச்சத்தில் பெட்டிகளின் வரிசை தெரிந்தது. கண்ணாடிக்குள் இருந்த எண்கள் தெரியவில்லை. அண்ணன் டார்ச்சின் பொத்தானை அழுத்தினான். எரியவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடை அலமாரியில் வைக்கிற டார்ச்சில் ஒரு பேட்டரியை நான் தலைகீழாகப் போட்டு வைப்பேன். இல்லாவிட்டால் வருகிறவர் போகிறவரெல்லாம் அழுத்திப் பார்த்தே பேட்டரியைத் தீர்த்துவிடுவார்கள். விற்கும்போது திருப்பிப் போட்டுக் கொடுப்பேன். இன்று ஆத்திரத்தில் மறந்துவிட்டேன். போச்சு, இனி ஆயுசுக்கும் இதைச் சொல்லிக் காட்டுவான் என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவனோ, எரியாத டார்ச்சை அக்குளில் இடுக்கிக்கொண்டு முதல் மீட்டரின் அருகே முகத்தைக் கொண்டுபோனான்.

"நாலாயிரத்து முந்நூத்திப் பன்னெண்டு" என்று சத்தமாகச் சொல்லி நோட்டில் எழுதினான். அடுத்த மீட்டருக்கு நகர்ந்தான். அதற்கும் ஒரு எண் சொன்னான். பிறகு என் பக்கம் திரும்பிச் சிரித்தான்.

"நீ சொன்னதுதாம்மா சரி. இது நல்ல டார்ச்சு. நல்லாவே எரியுது."



"அண்ணா, அது எரியல."

அவன் டார்ச்சை எடுத்து அதன் கண்ணாடியைக் கண்ணுக்கு நேரே பிடித்தான். பொத்தானை இரண்டு மூன்று தடவை அழுத்தினான்.

"எப்பலேர்ந்து உன் கண்ணு இப்படி?" என்று கேட்டேன்.

"ரெண்டாவது டார்ச் வாங்கும்போதே தெரியும்."

"தெரிஞ்சுமாடா என் உயிரை எடுத்த?" அண்ணனை நான் டா போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

"டார்ச் சரியில்லைன்னா வேற வாங்கிக்கச் சொல்வாங்க. கண்ணு சரியில்லைன்னா வீட்டுக்குப் போகச் சொல்லிடுவாங்க. போய் உன் வீட்டு மூலையில உக்காந்து சாப்பிடணுமா?"

கோபம் கோபமாக வந்தது. அவன்மேல் பாதி, என்மேல் பாதி. நான்கு தடவை சுவரில் வெளிச்சம் அடித்து, தெரியுதா, தெரியுதா என்று கேட்டிருக்கிறேன். நான்கு தடவையும் சுவரைத்தான் பார்த்தேன். ஒரு தடவையாவது அவன் கண்ணைப் பார்த்திருக்கலாம். இருபது வருட அனுபவமாம்!

டார்ச்சைப் பிடுங்கி, பேட்டரியைத் திருப்பிப் போட்டு, முதல் மீட்டரில் அடித்தேன். நாலாயிரத்து ஐந்நூற்று எழுபது.

"நீ சொன்ன எண் எங்கேருந்து வந்துச்சு?"

"போன மாசக் கணக்கை வச்சு உத்தேசமாத்தான்."

"எழுதினதை அடிச்சிட்டு நான் சொல்றதை எழுது. இங்க முடிச்சதும் நேரா கண் டாக்டர்கிட்ட போறோம். அவர் என்ன சொல்றாரோ, அதை ஆபீஸ்ல போய்ச் சொல்றோம். நானும் வருவேன்."

"வேலை போயிடும்."

"தப்பா எழுதினாலும் போகும். எழுது, நாலாயிரத்து ஐந்நூத்தி எழுபது."

எழுதினான். எட்டிப் பார்த்தேன். அடித்துவிட்ட எண்ணுக்குக் கீழே இடம் காலியாகக் கிடந்தது. அவன் புது எண்ணைப் பழைய எண்ணின் மேலேயே எழுதியிருந்தான்.

"பேனாவைக் குடு" என்றேன்.

எதற்கென்று கேட்பான், பிடிவாதம் பிடிப்பான், பேனாவின் சரித்திரத்தையாவது ஆரம்பிப்பான் என்று காத்திருந்தேன். பேசாமல் கொடுத்துவிட்டான்.