பன்னிரண்டு ஆணிகள்

“பலகையில சீட்டு வரிசைய மாத்துனவுக எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“மாத்துனா என்ன? படிக்கத் தெரிஞ்ச பிள்ளை...”

“அதுவும் இன்ஸ்பெக்ஷன் அன்னைக்குப் பாத்து...”

“...எங்கன ஒட்டி வச்சாலும் படிச்சிரும்ல, செல்வி!”

ஞானசெல்வி டீச்சர் கணவனின் தட்டில் சோற்றைப் போட்டாள்.

அந்தப் பலகை இருவரும் சேர்ந்து செய்தது. ‘மயில்’, ‘பசு’, ‘வைகை’ என்று பன்னிரண்டு சீட்டுகளை முத்து முத்தாய் எழுதியவள் அவள். சின்னமனூரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த அவள் கணவன் அமிர்தராஜ் சீட்டுக்கு ஓர் ஆணி அடித்து, பின்னால் ஒயர் இழுத்துக் கொடுத்தான். டேப்ரெக்கார்டரில் அவள் குரல் கேள்வி எண்ணைச் சொல்லிக் கேள்வியையும் கேட்கும். பலகையில் அந்த எண்ணில் ஒரு கம்பியையும் விடைக்குரிய ஆணியில் மறு கம்பியையும் வைத்தால் உச்சியில் சிவப்பு பல்பு எரியும். மூன்றாம் வகுப்பு பஞ்சம்மாள் பன்னிரண்டுக்கும் எரிய வைப்பாள். மார்க்கையன்கோட்டைப் பள்ளிக்கு யார் வந்தாலும் டீச்சர் அவளைத்தான் கூப்பிடுவாள்.

பெயிண்ட் உரிந்துவிட்டதே என்று பலகையைக் கடைக்குக் கொண்டுபோன அமிர்தராஜ், சீட்டுகளை இடம் மாற்றி ஒட்டி, ஒயரையும் அதற்கேற்ப மாற்றிவிட்டான். இன்ஸ்பெக்ஷன் அன்று பஞ்சம்மாள் பழைய ஆணிகளையே தொட்டாள். ஒன்றும் எரியவில்லை. “எழுத்தப் படிம்மா” என்றார் ஆபீசர். அவள் சீட்டைப் பார்க்கவில்லை, டீச்சரைப் பார்த்தாள். பிள்ளைகள் சிரித்தார்கள். நான்கு நாளாய் அவள் பள்ளிக்கு வரவில்லை.

“நீ பல்பத்தான் பாத்த. பிள்ளை மொகத்தப் பாத்தியா?” என்றான் அமிர்தராஜ். சொன்னபின் அவனுக்கே சங்கடமாகி, சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

பார்த்திருந்தாள். போன மாசம் ஒருநாள் டேப், ‘ஏழு’ என்று எண்ணை மட்டும் சொல்லியிருந்தது; கேள்வி வருமுன்னே பஞ்சம்மாளின் கம்பி ஆணியில் இருந்தது. பல்பு எரிந்தது. பிள்ளையின் கண் சீட்டுப் பக்கம் போகவே இல்லை. வாசலில் யாரோ பெரிய மனிதர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர்தான் முதலில் கைதட்டினாள்.

மறுநாள் சாயங்காலம் வெற்றிலைக் கொடிக்காலுக்குத் தேடிப் போனாள். பஞ்சம்மாள் தாயோடு குந்தி வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தாள். விரல்கள் பார்க்காமலே சின்ன இலை, பெரிய இலை பிரித்தன.

“நாளைக்கு வந்துரு ஆத்தா. மொதல்ல இருந்து ஒனக்கு எழுத்து சொல்லித் தாரேன். அந்தப் பலகையே வேணாம்.”

ஈரச்சாக்கை இழுத்து இலைகளை மூடினாள் பஞ்சம்மாள். தலை நிமிரவில்லை.

“டீச்சர், எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு ஒங்களுக்கு முன்னமே தெரியும்ல?”