பாலக்கரைக் கட்டடத்தின் நெற்றிச் சுழி

2024ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் பதினெட்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. காவிரிப் பாலத்தின்மேல் விடியலில் கவிந்திருந்த மெல்லிய பனி எட்டு மணிக்கெல்லாம் விலகி, வானம் கழுவித் துடைத்தாற்போல் விளங்கியது.

நல்ல வெயில் வேண்டும் என்பதே ஆனந்தவள்ளியின் அன்றைய கவலை. ஸ்ரீரங்கத்தில் ஸ்டூடியோ வைத்து, வாரம் முழுவதும் பாஸ்போர்ட் படங்களை எடுத்துத் தள்ளும் அவர், ஞாயிறுதோறும் இடிபடவிருக்கும் பழைய கட்டடங்களைத் தேடிச் சென்று படம் பிடிப்பார். மூன்றாண்டுகளில் அறுபது கட்டடங்கள் சேர்ந்துவிட்டன. ஆயினும் பாலக்கரைக் கடைத்தெருவின் அந்த மாடிக் கட்டடம் மட்டும் அவருக்கு முகம் காட்டியதே இல்லை. குடைக்கடைக்காரரின் தகரப் பலகையொன்று அதன் நெற்றியை முழுவதும் மறைத்திருந்தது. பலகை இறங்கும் அன்றே கட்டடமும் விழும் என்று உரிமையாளர் ராசப்பன் சொல்லியிருந்தார். வெயிலோ, எதிர்மாடித் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி அந்த நெற்றியில் விழ ஒன்பதரை ஆகும்.

எட்டே முக்காலுக்குப் பலகை இறங்கிவிட்டது.

"ஒன்பதரை வரைக்கும் பொறுக்கக் கூடாதா சார்?"

"அதெல்லாம் ஆகாதும்மா. சாயங்காலம் லாரி வந்து நிக்கும். மருதை, எடுய்யா வண்டியை!"

துறையூரிலிருந்து ஜேசிபி ஓட்டி வந்திருந்த மருதை, இயந்திரக் கையை உயர்த்தினார், பாதியில் நிறுத்தினார், கீழே இறங்கியே விட்டார்.

"சார், மேல பாத்தீங்களா? பிள்ளையார் சுழி போட்டிருக்கு. நான் கை வைக்க மாட்டேன்."

எல்லோரும் அண்ணாந்து பார்த்தனர். அடையடையாகப் படிந்திருந்த சுண்ணாம்பு ஓரிடத்தில் உதிர்ந்து, 'உ' என்ற ஒற்றை வடிவம் தெளிவாகத் தெரிந்தது.

"யோவ், சுழி போட்டா வேலையை ஆரம்பிக்கணும்னுதான்யா அர்த்தம்! ஆரம்பிய்யா!"

"எழுத ஆரம்பிக்கத்தான் சார் சுழி. இடிக்கறதுக்கு இல்ல."

கூடியிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். ஆனந்தவள்ளி சிரிக்கவில்லை. அவருடைய லென்ஸ் அந்த வடிவத்தை மிக அருகில் கொண்டுவந்திருந்தது. அதன் இடப்புறத்தில், சுண்ணாம்புக்கு அடியில், மேலும் மூன்று வடிவங்கள் புடைத்திருந்தன. பழைய கட்டடங்களில் ஆண்டைத் தமிழ் எண்ணில் பொறிப்பார்கள். அவற்றில் இரண்டு என்னும் இலக்கமும் 'உ' எழுத்தும் பார்வைக்கு ஒன்றே. இது சுழியன்று, ஆண்டின் கடைசி இலக்கம். சொன்னால் இயந்திரம் உடனே எழும்பும். சொல்லாவிட்டால் வெயில் வந்து சேரும். அவர் ஏற்கெனவே சுத்தமாயிருந்த லென்ஸை மறுபடியும் துடைக்கத் தொடங்கினார்.

ராசப்பன் விடவில்லை. "அம்மா, நீங்க இந்த மாதிரி எவ்வளவோ பாத்தவங்க. சுழியா, என்னன்னு சொல்லுங்க."

பொய் சொல்ல நா எழவில்லை. மெய் சொல்ல மனம் எழவில்லை.

"சுண்ணாம்பு மூடியிருக்கு சார். தூசி அடங்க வச்சிருக்கீங்களே, அந்தக் குழாய்த் தண்ணியை அடிச்சா முழுசாத் தெரிஞ்சிடும்."

தண்ணீர் பாய்ந்தது. மருதை எதிர்க்கடையில் அமர்ந்து பொங்கலும் வடையும் உண்டார். சுண்ணாம்பு ஏடு ஏடாகக் கழன்று விழ, அடியிலிருந்து பச்சை வண்ணம் தலைகாட்டிற்று. இரண்டு கிளிகள் ஒரே மாம்பழத்தை ஆளுக்கொரு பக்கம் கவ்விக்கொண்டிருந்தன. வலப்பக்கக் கிளிக்குத் தொந்தி சற்று அதிகம். கீழே வளைவாக நான்கு இலக்கங்கள்: ௧௯௩௨.

"அட, நம்ம கட்டடத்துல கிளி இருக்கா!" என்று ராசப்பன் வாய்பிளந்தார். "அந்தக் குண்டுக் கிளி எங்க சித்தப்பா மாதிரியே இருக்கும்மா. என்னையும் சேத்து ஒண்ணு எடுங்க!"

இப்போது வெயிலுக்காகக் காத்திருந்தவர் இருவர். ஒன்பது முப்பத்திரண்டுக்கு அது தொட்டியைத் தாண்டிச் சாய்வாக விழுந்தது. ஈரக் கிளிகள் பளபளத்தன. ஆனந்தவள்ளி ராசப்பனோடு ஒரு படமும், ராசப்பன் இல்லாமல் பதினேழு படங்களும் எடுத்தார். பிறகுதான் உரக்கப் படித்தார்: "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டு. சுழி இல்ல சார், வருஷம்."

மருதை கைகழுவிவிட்டு இருக்கையில் ஏறினார். மனம் உறுத்தவே, ஆனந்தவள்ளி அருகில் சென்றார்.

"அண்ணே, அது நம்பர்னு எனக்கு முதல்லயே தெரியும்."

"எனக்குந்தாங்கக்கா தெரியும். எங்க ஊருக் கெணத்துமேட்டுல இப்படித்தான் வருசம் வெட்டியிருக்கு."

"அப்புறம் ஏன் இறங்குனீங்க?"

"விடியக்காலை நாலரைக்குக் கெளம்புனது. சாப்பிட்டியான்னு ஒரு வார்த்தை கேட்டாரா மனுசன்? பிள்ளையாரு வந்துதான் பொங்கல் வாங்கித் தரவேண்டியிருந்துச்சு."

ஆனந்தவள்ளி வயிறு குலுங்கச் சிரித்தார். அச்சிரிப்பில், இயந்திரக் கை அடித்த முதல் அடியின் படம் சற்றே கலங்கியும் போயிற்று. அடுத்தடுத்தவை தெளிவாக விழுந்தன. தூண்கள் சாய்ந்தன, சன்னல்கள் சரிந்தன, கிளிகள் கடைசிவரை மாம்பழத்தை விடவேயில்லை. அவை மண்ணைத் தொட்டபோது மணி சரியாக ஒன்பது ஐம்பத்திரண்டு.