ஆயிரத்து நாற்பத்தொன்றாம் எண்

நான்கு வருடங்களாக ஏவிஸ் தன் தாய்மாமனைத் தேடிக்கொண்டிருந்தாள். அவர் செத்து எண்பது வருடம் ஆகிவிட்டது. ஆளை எங்கே தேடுவது? அவள் தேடியது, அவர் பெல்கோம் ஊர்க்காரர்தான் என்று சொல்லும் ஒரே ஒரு வரியை. அந்தப் பாழாய்ப்போன வரி கிடைத்தபாடில்லை.

அம்மா போன பிறகு பிஸ்கட் டப்பாவில் இரண்டு காகிதங்கள் கிடைத்தன. ஒன்று, பிரான்சிலிருந்து 'குட்டித் தங்கச்சிக்கு, அண்ணன் ஆல்பர்ட்' என்று எழுதிய தபால் அட்டை. மற்றது, முதல் உலகப் போரில் ஆல்பர்ட் ஸ்டக்கி இறந்தார் என்ற ராணுவக் கடிதம். ஸ்டக்கி என்பது அம்மாவைப் பெற்ற கெசையாவின் பிறந்த வீட்டுப் பெயர். இப்படி ஓர் அண்ணன் இருந்ததாக அம்மா கடைசிவரை வாயைத் திறந்ததில்லை. தேவாலய வாசலிலுள்ள போர் நினைவுக் கல்லில் பதினான்கு பெயர்கள் இருக்கின்றன. ஆல்பர்ட் இல்லை.

தேய்ந்த எழுத்துகளைத் திரும்பக் கொத்த வியாழக்கிழமை கல்தச்சர் வருகிறார். விட்டுப்போன பெயரைச் சேர்க்கலாமா என்று செவ்வாய் மாலை ஊர் மன்றம் முடிவு செய்யும். ஆள் இந்த ஊரில் ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டும் என்பது விதி. இப்போது விட்டால் அறுபத்துநான்கு வயது ஏவிஸின் ஆயுசில் இன்னொரு முறை கிடையாது.

ஞானஸ்நானப் பதிவேடு நாற்பது மைல் தள்ளி மாவட்ட ஆவணக் காப்பகத்தில் கிடந்தது. அவ்வளவு தூரம் போக யாருக்குத் தலையெழுத்து? ஊரே பார்த்தது உள்ளூர் வரலாற்றுச் சங்கத்தின் தட்டச்சுப் பிரதியைத்தான். அதைத் தயாரித்தவன் ஏவிஸின் அண்ணன் ராய்ஸ்டன். ஒரு காற்புள்ளி பிசகாத ஆள் என்று பெயர் வாங்கியவன்.

"பிரதியில இல்லேன்னா இல்லதான் ஏவிஸ். பக்கத்து ஊர்ல பாரு" என்பான் ஒவ்வொரு முறையும், டீயை ஊற்றிக்கொண்டே. அவளும் பார்த்தாள். பதினோரு ஊர்களின் தேவாலயங்களில் குளிரில் விறைத்துக்கொண்டு பார்த்தாள். சே, என்ன பிழைப்பு என்று பஸ்ஸில் வாய்விட்டே சொன்னாள்.

சனிக்கிழமை, கடைசி முயற்சியாக, பெயர்களை விட்டுவிட்டு ஓரத்து எண்களைப் பார்த்தாள். பதிவேட்டில் எண்கள் அச்சிட்டே வரும், பக்கத்துக்கு எட்டு. பிரதியில் ஆயிரத்து நாற்பதுக்கு அடுத்து ஆயிரத்து நாற்பத்திரண்டு இருந்தது. முன்னும் பின்னும் புரட்டினாள். இருபத்துமூன்று எண்களைக் காணோம். எல்லோரும் அவரவர் குடும்பப் பெயரை மட்டும் பார்த்ததில் ஒருவர் கண்ணிலும் இது படவில்லை.

திங்கட்கிழமை எட்டேகால் பஸ்ஸில் காப்பகத்துக்குப் போனாள். மை பட்டுவிடுமென்று பேனாவை வாசலிலேயே பிடுங்கிக்கொண்டு ஒரு பென்சிலைக் கொடுத்தார்கள். பதிவேட்டின் படச்சுருளை ஓட்டிக் காட்டும் இயந்திரத்தில் ஆயிரத்து நாற்பத்தொன்று வந்து நின்றது. ஆல்பர்ட் எட்மண்ட். தாய் கெசையா ஸ்டக்கி, மணமாகாதவள், வேலைக்காரி. தந்தையின் கட்டம் காலி. காணாமல் போன மற்ற இருபத்திரண்டையும் பார்த்தாள். ஒன்றில்கூடத் தந்தை பெயர் இல்லை. ஆல்பர்ட் இருந்த பக்கத்துக்கு நகல் கேட்டாள்.

சாயங்காலம் அந்தப் பக்கத்தின் நகலை ராய்ஸ்டனின் சமையலறை மேசையில் வீசினாள்.

"இது என்ன?"

ராய்ஸ்டன் கண்ணாடியைக் கழற்றி வைத்தான். "அம்மா அழுதாங்க. எழுபத்துநாலுல, நான் தட்டச்சு பண்ணிட்டிருந்தப்போ. ஒருத்தரை மட்டும் எடுத்தா கண்ணை உறுத்தும். அதான் அந்த மாதிரி இருந்த எல்லாரையும் எடுத்தேன்."

"எண்ணை மட்டும் ஏன் விட்டுவச்ச?"

"எண்ணை எப்படி மாத்துறது? அது பொய்யாயிடுமே!"

சிரிப்பதா, கேக் தட்டை எடுத்து அவன் தலையில் போடுவதா என்று ஏவிஸுக்குத் தெரியவில்லை. "பதினோரு ஊரு அலைய விட்டியே, பாவி! அம்மா போயே அஞ்சு வருஷமாச்சு!"

"வாக்குக் குடுத்துட்டேன். நாளைக்கு மன்றத்துல என்னை இழுக்காத ஏவிஸ். நான் வாழ்க்கையில உருப்படியாப் பண்ணது இந்தப் பிரதி ஒண்ணுதான்."

"அப்போ நீ உருப்படியா ஒண்ணுமே பண்ணல" என்று கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டாள்.

செவ்வாய் ஏழு மணிக்கு ஊர்க் கூடத்தில் வெளிச்சம் இன்னும் போகவில்லை. நகல் கைமாறிக் கைமாறி உறுப்பினர் ஹக்கின்ஸிடம் வந்தது. எட்டுத் தலைமுறையாக பெல்கோம்காரர்கள் என்று மார்தட்டும் மனிதர் அவர்.

"கோழி கிறுக்கின மாதிரி இருக்கு, இதை யார் படிக்கிறது? பிரதியில இல்ல, அவ்வளவுதான். எங்க தாத்தாவே அதுல இல்ல. பக்கத்து ஊர்ல இருக்கும்னு ராய்ஸ்டன் சொன்னார், நான் பேசாம ஏத்துக்கலையா?"

மன்றத் தலைவி பின்வரிசையில் இருந்த ராய்ஸ்டன் பக்கம் திரும்பினார். "ராய்ஸ்டன், நீங்களே சொல்லுங்க. எது சரி?"

ஏவிஸ் அண்ணனைப் பார்க்கவில்லை. பார்த்தால் கத்திவிடுவாள்.

ராய்ஸ்டன் எழுந்தான். நீட்டிய நகலை வாங்கவில்லை. "ஆயிரத்து நாற்பத்தொண்ணு. ஆயிரத்து எண்ணூத்தித் தொண்ணூத்தாறு, மார்ச் எட்டு. ஆல்பர்ட் எட்மண்ட். தாய் கெசையா ஸ்டக்கி, மணமாகாதவள், வேலைக்காரி. தாய் பேருக்குக் கீழே ஒரு மைத்துளி இருக்கும்."

ஏவிஸ் எட்டிப் பார்த்தாள். மைத்துளி இருந்தது. நேற்று இவன் நகலைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நான்தான் எடுத்தேன்" என்றான் ராய்ஸ்டன். "இன்னும் இருபத்திரண்டு பேரு. எண்ணூத்திப் பன்னிரண்டு, வால்டர்..." சட்டென்று நிறுத்தினான்.

ஹக்கின்ஸின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. "ஏன் நிறுத்திட்டீங்க? எங்க தாத்தாதானே?"

"ஆமா."

"தாய் பேரு?"

"லெட்டிஸ் ஹக்கின்ஸ். மணமாகாதவள்."

"லெட்டிஸ்" என்றார் ஹக்கின்ஸ். "எழுபது வயசாச்சு எனக்கு. அவ பேரை இன்னைக்குத்தான் கேக்குறேன்." பிறகு ராய்ஸ்டன் பக்கம் திரும்பாமலே கையைத் தூக்கினார். "அந்தப் பையன் பேரைக் கொத்தட்டும்."

எல்லாக் கைகளும் உயர்ந்தன. கூட்டம் கலைந்தபோது ராய்ஸ்டனிடம் யாரும் பேசவில்லை.

வாசலில் அவன் காத்திருந்தான். "இப்பவாவது கோபம் போச்சா?"

"போகல. உன் டீயைக் குடிச்சுக்கிட்டு உன்கிட்டயேல்ல உதவி கேட்டேன், ராய்ஸ்டன்! போகவே போகாது." கோட்டுப் பையில் கைவிட்டு, காப்பகத்தில் திருப்பித் தர மறந்த பென்சிலை எடுத்து அவன் கையில் திணித்தாள். "திங்கக்கிழமை எட்டேகால் பஸ். இருபத்துமூணு பேரையும் பிரதியில எழுதணும்."

"தட்டச்சு..."

"கையால. உன் கையால."

அவன் பென்சிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நீயும் வருவியா?"

"வராம? உன்னை நம்பி எப்படித் தனியா விடுறது?" என்றாள்.