கண்ணாடிக் கடைக்காரர் மாண்டு வாங்கினார்

காய்ச்சல் ஒரு வாரத்தில் விட்டுவிட்டது. போகிற போக்கில் கண்ணாடிக் கடைக்காரரின் மூக்கையும் நாக்கையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. வீட்டில் அவர் இதைச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைத்து மறைத்ததும் இல்லை. காய்ச்சல் விட்ட மறுநாள் மனைவி பருப்பும் பீன்ஸும் செய்து வைத்தாள். வாயில் போட்டார், ஒன்றுமே தெரியவில்லை. எப்படி இருக்கிறது என்று கேட்டாள். என்ன சொல்வதென்று விளங்காமல், "நல்லாருக்கு" என்றார்.

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து எத்தனையோ காலமாகிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து நொட்டை சொல்லாமல் சாப்பாட்டை விட்டு எழுந்த மனிதர் இல்லை. உப்பு ஒரு கல் கூடிவிட்டது, பீன்ஸ் இன்னும் கொஞ்சம் வெந்திருக்கலாம், சோறு குழைந்துவிட்டது. மனைவிக்குப் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் வேலை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களின் புலம்பலைப் பகலெல்லாம் கேட்டுவிட்டு வந்து, சாயங்காலம் இவருடையதையும் கேட்பாள். அன்று அந்த ஒரு வார்த்தைக்கு அவள் முகம் மலர்ந்த மலர்ச்சி அவருக்கே கூச்சமாக இருந்தது. மறுநாளும் அதையே சொன்னார். அப்புறம் நிறுத்த வழி தெரியவில்லை.

நாளாக ஆக வேறொரு குழப்பம் பிடித்துக்கொண்டது. காலையில் காப்பி குடித்தால் காப்பி மாதிரித்தான் இருந்தது. ருசி திரும்பிவிட்டதா? இல்லை, இத்தனை வருஷப் பழக்கத்தில் மண்டை தானாகவே அந்த ருசியைப் போட்டுக்கொள்கிறதா? வெங்காயத்தை முகர்ந்து பார்ப்பார். வாசனை வருவது போலிருக்கும். கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தால் அது வெங்காயமா வெறும் கையா என்றே பிடிபடாது.

வழி கடையில்தான் கிடைத்தது. கண் பரிசோதனைக்கு வரும் பழைய வாடிக்கையாளர்களில் சிலர் எழுத்துப் பலகையின் கடைசி வரியை மனப்பாடமாக ஒப்பித்துவிடுவார்கள். அதற்காகவே அவர் இன்னொரு பலகை வைத்திருந்தார். அன்று ஒரு பெரியவருக்காக அதை மாற்றி மாட்டும்போது பொறி தட்டியது. நாக்குக்கும் புதுப் பலகைதான் மாட்ட வேண்டும். இதுவரை தின்றே இராத ஒன்றைத் தின்றால் பழக்கம் குறுக்கே வராது, தெரிந்தால் தெரியும், இல்லாவிட்டால் இல்லை.

சனிக்கிழமை மதியம் கடையை மூடிவிட்டு சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனார். குளிர்பெட்டிகளின் வரிசையில் நின்று, வாழ்நாளில் தொட்டிராத பொருளாகத் தேடினார். வட்டமும் கோடுமாக எழுத்து போட்ட பச்சைப் பை ஒன்று கண்ணில் பட்டது. படத்தில் சின்னக் காதுகளை அடுக்கி வைத்தாற்போல், கொழுக்கட்டை மாதிரி ஏதோ இருந்தது. பின்னால் ஒட்டியிருந்த சீட்டில் கொரிய காய்கறி மாண்டு என்று போட்டிருந்தது. எடுத்துக்கொண்டார்.

வீட்டில் மைத்துனன் வந்திருந்தான். வாடகைக் கார் ஓட்டுகிறவன். நிலைப்படியில் தலை இடிக்கும் உயரம் என்பதால் எல்லாருக்கும் அவன் நெட்டை. பையை வாங்கிப் படித்தான்.

"மாண்டுவா? பேரே சரியில்லையே மாமா. சாப்பிட்டா மாண்டுடுவோமா?"

"வாயக் கழுவுடா" என்றாள் அக்கா. பிறகு கணவரிடம் திரும்பினாள். "என்னங்க திடீர்னு? வேகவைக்கிறதா, பொரிக்கிறதா?"

"எப்படி வேணா செய்யலாம்னு போட்டிருக்கு."

"எப்படி வேணான்னா எப்படி? ஒழுங்கா ஒரு வழி சொல்லக்கூடாதா?"

கடைசியில் பாதியை ஆவியில் வைத்தாள். வெந்ததும் மேல்மாவு கண்ணாடிபோல் ஆகி, உள்ளேயிருந்த பச்சையும் ஆரஞ்சும் மங்கலாகத் தெரிந்தன. தட்டில் எண்ணெய் தடவ யாருக்கும் தோன்றாததால் இரண்டு மூன்று அடியில் ஒட்டிக்கொண்டு கிழிந்தன.

மூன்று பேரும் ஆளுக்கொன்று எடுத்தார்கள். கண்ணாடிக் கடைக்காரர் கடித்தார். முதலில் வழுவழுப்பு. அப்புறம் சூடான தண்ணீர் கொஞ்சம். மெல்லிய சேமியா போல ஏதோ பல்லுக்கடியில் நழுவியது. எதுவோ நறுக்கென்றது. ருசி? இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. நன்றாக இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. இருக்கிறதா என்பதே தெரியவில்லை. இதில் பழக்கம் இல்லைதான். ஆனால் எப்படி இருக்க வேண்டும் என்றும் தெரியாதே. இதை அவர் முன்னமே யோசித்திருக்கவில்லை.

மற்ற இருவரின் முகத்தைப் பார்த்தார். அங்கேயும் ஒன்றும் கிடைக்கவில்லை. மனைவி நெற்றியைச் சுருக்கி மென்றுகொண்டிருந்தாள். நெட்டை மேலே பார்த்தபடி யோசித்தான்.

"ஏதோ இருக்கு மாமா. என்னன்னுதான் பிடிபடல."

"உப்பு இருக்கா?" என்று கேட்டார்.

"நீங்களும்தான சாப்பிட்டீங்க, நீங்களே சொல்லுங்க" என்றாள் மனைவி.

"நல்லாருக்கு" என்றார், பழக்க தோஷத்தில்.

அவள் மெல்லுவதை நிறுத்தினாள். "எது நல்லாருக்கு?"

"எல்லாம்தான்."

"உள்ள என்ன காய் இருக்கு?"

கையிலிருந்த பாதித் துண்டைப் பார்த்து, "கேரட்" என்றார்.

"பாக்காம சொல்லுங்க."

அவர் துண்டைத் தட்டில் வைத்தார். "எனக்கு ருசி தெரியல. அந்தக் காய்ச்சல்லேருந்து."

நெட்டை இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"போன மாசம் ஒருநாள் பருப்புல உப்புப் போட மறந்துட்டேன்" என்றாள் மனைவி மெதுவாக. "ரெண்டு தடவ கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்க. மனுஷன் திருந்திட்டாரு, என் மனசு நோகக்கூடாதுன்னு சாப்பிடுறாருன்னு ஆஸ்பத்திரியில டாக்டரம்மா வரைக்கும் சொல்லி வச்சேன்."

கோபப்படுவதா, பாவப்படுவதா என்று அவளுக்கு விளங்கவில்லை. எழுந்து சமையலறைக்குப் போனாள். மீதியை எண்ணெயில் பரப்பி, கொஞ்சம் தண்ணீர் ஊற்றி மூடினாள். அவர் பின்னாலேயே போய் நின்றார்.

"யார்கிட்டயாவது காட்டினீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"என்னன்னு போய்ச் சொல்றது? பொண்டாட்டி சமையல் திடீர்னு நல்லாருக்குன்னா?"

அவள் சிரிக்கவில்லை. உதட்டோரம் மட்டும் லேசாக இழுத்துக்கொண்டது. இருவரும் மூடியைப் பார்த்தபடி நின்றார்கள்.

"அடி பிடிக்குது" என்றார் அவர்.

மூடியைத் தூக்கினாள். அடிப்பக்கம் கறுக்க ஆரம்பித்திருந்தது. "எப்படித் தெரிஞ்சுது?"

அவர் யோசித்தார். புகை வந்ததா? சத்தம் மாறியதா? மூக்கில் ஏதாவது எட்டியதா? சொன்னவர் அவர்தான், எதை வைத்துச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. அவள் கரிந்த ஒன்றை மூக்குக்கு நேரே நீட்டினாள். இழுத்து இழுத்து முகர்ந்தார்.

"வருதா?"

"வர்ற மாதிரிதான் இருக்கு. நீ கையில வச்சிருக்கிறதால அப்படித் தோணுதோ என்னவோ."

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு அவளே அவரை மூக்கு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் ஏதேதோ குப்பிகளை மூக்கருகில் காட்டிக் கேட்டார். இவர் பாதிக்குத் தெரியலை என்றார், பாதிக்குச் சும்மா ஊகித்தார். சிலருக்குத் திரும்பும், தினமும் நாலைந்து வாசனைகளை முகர்ந்து பழகுங்கள், எப்போது என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

வெளியே வந்து நடக்கும்போது அவர் கேட்டார். "திரும்ப வரணும்னு உனக்கு இருக்கா?"

அவள் தெருவைக் கடந்த பிறகு, "வரட்டும்" என்றாள். இன்னும் கொஞ்ச தூரம் போய், "மெதுவா வரட்டும்" என்றாள்.

அன்று சாயங்காலம் இன்னொரு பச்சைப் பையை அவளே வாங்கி வந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, அது நல்லதா இல்லையா என்று தனக்கும் இன்னும் பிடிபடவில்லை என்றாள். இந்த முறை தட்டில் எண்ணெய் தடவினாள். தொட்டுக்கொள்ளக் காரமாக ஒன்று கலக்கி வைத்தாள். அவர் தோய்த்துக் கடித்தார். நாக்கு எரிந்தது; எரிச்சல் இருக்கிறது என்பதில் மட்டும் சந்தேகமில்லை. அதற்குப் பின்னால், தொலைவில், ஏதோ ஒன்று. எண்ணெயா, கீரையா?

"எப்படி இருக்கு?" என்றாள்.

"தெரியல" என்றார்.

அவள் தன்னுடையதை வெகுநேரம் மென்றாள்.

"எனக்கும்தான்" என்று சொல்லிவிட்டு, இன்னொன்றை எடுத்துக்கொண்டாள்.